ஹார்வர்டு எங்கள் பக்கத்துத் தோட்டம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஹார்வர்டில் படித்தவர்கள் எக்கச்சக்கம். நம்பிக்கை இல்லையென்றால் பீடோங் பக்கம் வந்து விசாரியுங்கள். ஹார்வர்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று வரிசையாகச் சொல்வார்கள். டப்ளினில் படித்தவர்கள் வேண்டுமா? கூலிம் தாண்டி காராங்கான் போகவேண்டும். ஸ்கார்பரோவும் உண்டு, சுங்கைப்பட்டாணியில். துரைமார்கள் வைத்துவிட்டுப் போன பெயர்களால் எங்கள் சனம் கப்பல் ஏறாமலே அமெரிக்காவையும் அயர்லாந்தையும் பார்த்துவிட்டது. என் மாமா ஒருவர் கல்யாண வீட்டில் புது ஆள் யாரைப் பார்த்தாலும் "நான் ஹார்வர்டு" என்று கை கொடுப்பார். ஆறாம் வகுப்பு வரைக்கும்தான், அதைச் சொல்லமாட்டார்.

நான் நிஜமாகவே வெளிநாடு போய்ப் படித்தேன். சென்னையில், எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை. 2017-ல் போய் 2019-ல் திரும்பினேன். ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைகளும் டிகிரி முடித்துவிட்டு யோசிக்கிற பிள்ளைகளும் இப்போது எனக்கு வாட்சாப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "அக்கா, வெளிநாடு போலாமா? எவ்வளவு ஆகும்? சாப்பாடு ஒத்துக்குமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிடுகிறேன். நீளமாக இருக்கும், ஒரு தே தாரிக் கலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கெடாவிலிருந்து வெளிநாடு போய்ப் படித்தவர்களில் பேர்போனவர் துங்கு அப்துல் ரஹ்மான். 1903-ல் அலோர் ஸ்டாரில் பிறந்தவர், சுல்தானின் மகன். கெடா அரசின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய் 1925-ல் பட்டம் வாங்கினார். வக்கீல் படிப்பு மட்டும் இழுத்துக்கொண்டே போய் 1949-ல்தான் முடிந்தது. அதற்கப்புறம் எட்டே வருடத்தில் சுதந்திர மலாயாவின் முதல் பிரதமர். பேப்பரைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம். "அவருக்கு அப்பா சுல்தான், உனக்கு யாரு?" என்று கேட்டால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

நம் பிள்ளைகள் வெளிநாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதே ஊர் சுற்றும் ஆசையால் அல்ல. உள்ளூரில் இடம் கிடைக்குமா என்ற பயம்தான் முதலில். பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படிப்பில் பூமிபுத்திராவுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். 2019-ல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தினார்கள், விகிதத்தைத் தொடவில்லை. 2024-ல்தான் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம்.மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். நல்லது. எட்டு ஏ, ஒன்பது ஏ வாங்கிய பிள்ளையின் அம்மா இன்னும் சாமியறையில்தான் நிற்கிறார்.

என் கதை அவ்வளவு சோகம் இல்லை. உள்ளூரிலேயே டிகிரி முடித்தேன், கேட்ட பாடம் வேறு, கிடைத்த பாடம் வேறு, அவ்வளவுதான். அப்புறம் சுங்கைப்பட்டாணியில் ஒரு சின்ன அமைப்பில் வேலை. உதவித்தொகை பாரம் நிரப்பித் தருவது, வெல்ஃபேர் ஆபீசுக்குக் கூட்டிப் போவது, வரிசையில் உட்காருவது. இந்த வேலைக்கென்று ஒழுங்காக ஒரு படிப்பு படிக்கவேண்டும் என்ற ஆசை அங்கேதான் வந்தது. சென்னையைச் சொன்னவர் எங்கள் பழைய தமிழாசிரியர். அவர் காலத்தில் பினாங்கில் கப்பல் ஏறினால் நாகப்பட்டினம் தொட்டு மதராஸ் போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகுமாம். 1926-லிருந்து ஓடிய ராஜுலா 1973-ல் நின்றுபோனது, அப்புறம் சிதம்பரம் கப்பல், அதுவும் 1985 தீவிபத்தோடு முடிந்தது. "வாந்தி எடுத்துக்கிட்டே போய் பி.ஏ. படிச்சோம், நீ பிளைட்டுல போறதுக்கு யோசிக்கிறியே" என்றார். சென்னையில் சமூகப்பணிக்கென்றே 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஒரு கல்லூரி தொடங்கியிருக்கிறார் என்பதும், அதற்குப் பிறகு பல கல்லூரிகளில் இந்தப் படிப்பு வந்துவிட்டது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். நான் படித்தது எது என்று இங்கே எழுதப்போவதில்லை. என் பேராசிரியர்கள் சிலர் இணையத்தில் எல்லாவற்றையும் படிக்கிறவர்கள்.

பணம். இதைத்தான் முதலில் கேட்கிறீர்கள், எனக்கும் இதைத்தான் நிறையச் சொல்லவேண்டும்.

அப்பா கோலா கெடாவிலிருந்து மீன் லாரி ஓட்டுகிறவர். லங்காவிக்கு ஃபெர்ரி ஏறப் போகிறவர்களுக்குக் கோலா கெடா என்றால் ஜெட்டியும் பழைய கோட்டையும் லக்சாவும். எங்களுக்கு அது அப்பா சட்டையில் வீட்டுக்கு வரும் வாடை. படகு வந்து மீன் இறங்குகிற நேரத்துக்கு அங்கே நிற்கவேண்டும், விடிவதற்குள் சுங்கைப்பட்டாணி மார்க்கெட்டில் இறக்கவேண்டும். அம்மா பக்கார் ஆராங் ஃபேக்டரியில் லைனில் நின்றார். இவர்கள் இரண்டு பேர் சம்பளத்தில் வெளிநாட்டுப் படிப்பு எப்படி? இ.பி.எஃப்.பில் அப்போது இருந்த இரண்டாவது கணக்கிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கு எடுக்கலாம் என்று சட்டம் இருந்தது. அப்பா எடுத்தார். அம்மா மாதாமாதம் ஃபேக்டரி ஆட்களோடு போட்டுவந்த கூட்டில் தன் முறையை முன்னால் கேட்டு வாங்கினார். தாலிக்கொடி தவிர மிச்ச நகை இஸ்லாமிய அடகு முறையான அர்-ராஹ்னுவுக்குப் போனது. அடகுக் கடையைவிட அங்கே செலவு குறைவு என்பது எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த பொருளாதாரம். அத்தை முந்நூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், கொடுத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை எல்லா விசேஷத்திலும் அதைச் சொன்னார். ஊர் மன்றம் ஒன்று மாலை போட்டுப் பெரிய அட்டையில் காசோலை மாதிரி எழுதிப் படம் பிடித்துக் கொடுத்தது. அட்டையின் அளவுக்கும் தொகைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கொடுத்தார்கள், மறக்கமாட்டேன்.

அப்போது ஒரு வெள்ளிக்குப் பதினைந்து, பதினாறு ரூபாய் கிடைத்தது. இந்தக் கணக்கு ஒரு வியாதி. டீ குடிக்கும்போதும் ஆட்டோவில் உட்காரும்போதும் பதினைந்தால் வகுத்துக்கொண்டே இருப்பேன். முதலில் எல்லாமே மலிவாகத் தெரியும். மூன்றாவது மாதம் வகுப்பதை விட்டுவிட்டு ரூபாயிலேயே பயப்பட ஆரம்பித்துவிடுவீர்கள்.

வெளிநாட்டு மாணவி என்று நான் முதலில் உணர்ந்த இடம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன். நீண்டகால விசாவில் வருகிறவர்கள் வந்து 14 நாளுக்குள் அங்கே பதிவு செய்யவேண்டும். இப்போது எல்லாம் இணையத்தில், 2018-லிருந்து. நான் போனபோது நேரில்தான். எனக்கு முன்னால் சூடான் மாணவர்கள், பின்னால் கொரியக் குடும்பம் ஒன்று, நடுவில் நெற்றியில் பொட்டோடு நான். வரிசையைச் சரிசெய்ய வந்தவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ யாரு கூட வந்திருக்கே? கூட வந்தவங்க வெளியில நில்லுங்க" என்றார். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மலேசியாவா? நம்ம புள்ள" என்று தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். நம்ம புள்ளைக்கும் ஃபீஸ் வெளிநாட்டு ஃபீஸ்தான்.

விழுப்புரம் பக்கத்துத் தோழி பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டாள். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி-பாரம் கொடுக்கவேண்டும் என்பது அப்போதைய சட்டம். அவள் அப்பா அதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கரும்பைக் கடித்துக்கொண்டு, மாட்டுக்கு வண்ணம் பூசிக்கொண்டு இருந்த என்னை வெளிநாட்டவள் என்று எழுதச் சொல்கிறார்களே என்று அவருக்குத் தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு மறக்காமல் பாரத்தையும் நிரப்பினார். கிராம நிர்வாகத்தில் இருந்தவர்.

பூர்வீக ஊரைத் தேடிப் போனாயா என்று கேட்காதீர்கள். தாத்தா "சேலம் பக்கம்" என்று மட்டும்தான் சொல்லிவைத்தார். சேலம் பக்கம் பெரியது. தவிர, அங்கே சிலர் "ஊர் எது, எந்தத் தெரு" என்று தோண்டுவது ஊரை அறிந்துகொள்ள அல்ல என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தோட்டத்தில் இது இல்லை என்று பெருமையடிக்கவும் மாட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் கல்யாணப் பேச்சு வரும்போது எந்தத் தாத்தா எந்தக் கங்காணியோடு வந்தார் என்ற விசாரணை நடக்கத்தான் செய்யும்.

கெடாவின் பழைய பெயரான கடாரத்துக்கு வருகிறேன். வகுப்பில் கெடா என்று சொன்னதுமே ஒரு நண்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "கடாரம் கொண்டானோட ஊரா!" அன்றிலிருந்து நான் அவனுக்கு ராஜேந்திர சோழனின் கடற்படை விட்டுப்போன பிள்ளை. 1025 வாக்கில் படை வந்தது உண்மை, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கடாரத்தின் பெயர் இருப்பதும் உண்மை. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் மெர்போக், அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் சண்டி, அதாவது பழங்காலக் கோயில், ஜெராய் மலை அடிவாரத்தில். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனபோது நாங்கள் பார்த்தது ஓடையைத்தான். அந்த நண்பனிடம் பொறுமையாகச் சொன்னேன்: நாங்கள் சோழன் கப்பலில் வரவில்லைப்பா, அவனுக்குத் தொள்ளாயிரம் வருடம் கழித்து ரப்பருக்கு வந்தோம், கங்காணி கூட்டி வந்தார், 1938-ல் இந்திய அரசாங்கம் நிறுத்தும்வரை அப்படித்தான் ஆள் வந்தது. அவனுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்து, பிரதமர் மோடியும் வந்தார் இல்லையா, அன்றைக்கு எனக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பியவன் அவன்தான்.

பெருமைக்குப் பெருமை. ஆனால் 2013-ல் சுங்கை பத்துவில் வீட்டு மனைக்காக நிலத்தைச் சமன் செய்தபோது ஒரு பழைய சண்டியே இடிபட்டுப் போனது, பத்திரிகையில் பெரிய சத்தம் வந்தது. கெடாவில் ஆயிரம் வருடக் கல்லாக இருந்தாலும் சரி, அறுபது வருட லயமாக இருந்தாலும் சரி, எதிரி ஒரே ஆள்தான், டெவலப்பர்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சென்னையில் நிஜமாகப் படித்தது. மேலே எழுதியதெல்லாம் நீங்கள் கேட்டதற்காக.

எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் வகுப்பு பாதி, களப்பணி பாதி. வாரத்தில் இரண்டு நாள் ஒரு அமைப்போடு இணைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். போய் வந்து அறிக்கை எழுதவேண்டும், அதை ஆசிரியர் சிவப்புப் பேனாவால் குத்திக் கிழிப்பார். எனக்கு முதல் வருடம் கண்ணகி நகர், அப்புறம் பெரும்பாக்கம். சென்னைக்காரர்களுக்கு விளக்கவேண்டாம். கெடாக்காரர்களுக்குச் சொல்கிறேன். கூவம், அடையாறு கரைகளிலும் ஊருக்குள்ளும் குடிசை போட்டிருந்தவர்களை எடுத்து, பழைய மாமல்லபுரம் சாலையைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்த இடங்கள். குடிசை மாற்று வாரியம் 1970-ல் கலைஞர் காலத்தில் வந்தது, கண்ணகி நகரில் 2000-லிருந்து ஆட்களைக் குடியேற்றினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பெரும்பாக்கத்துக்கு. அங்கே எட்டு மாடிக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. நான் முதல் நாள் இறங்கி அண்ணாந்து பார்த்தபோது, எங்கள் தாமான் பின்னாலிருக்கும் மலிவு விலை ஃபிளாட்டைப் பத்து மடங்கு ஊதிவிட்ட மாதிரி இருந்தது.

என் வேலை வீடு வீடாகப் போய் விவரம் எடுப்பது. யாருக்கு ரேஷன் கார்டு இன்னும் பழைய முகவரியில் இருக்கிறது, எந்தப் பிள்ளை பாதியில் பள்ளியை விட்டுவிட்டது, யார் வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்கள் இருட்டோடு எழுந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பழைய பேட்டைக்கே திரும்பப் போய், பாத்திரம் தேய்த்துவிட்டு வருவார்கள். வேலை அங்கே, வீடு இங்கே. முகவரி கேட்டால் கண்ணகி நகர் என்று சொல்லமாட்டார்கள், துரைப்பாக்கம் என்பார்கள். சொன்னால் வேலை கிடைக்காது. தோட்டத்துப் பிள்ளைகள் டவுன் பள்ளியில் "எங்கே இருக்கே" என்று கேட்டால் பக்கத்துத் தாமான் பெயரைச் சொல்லுவோமே, அதேதான். (அந்தக் கண்ணகி நகர் பெயரையே 2025-ல் கார்த்திகா என்ற கபடிப் பெண் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கி ஊரெல்லாம் சொல்லவைத்தார். செய்தி பார்த்து நான் இங்கே அலுவலகத்தில் கத்தியதில் கிளார்க் பயந்துவிட்டார்.)

பெரும்பாக்கத்தில் ஒரு அம்மா. ஐந்தாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர் உள்ளே போய் ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆற்றங்கரையில் கணக்கெடுத்தபோது கொடுத்த சீட்டு, பிள்ளையின் பள்ளி ரசீது, மாமியாரின் இறப்புச் சான்றிதழ், ஒதுக்கீட்டு ஆணை. மாதம் 2,500 ரூபாய் என்று ஒரு வருடத்துக்குக் கொடுக்கவேண்டிய பணத்தில் எந்தெந்த மாதம் வந்தது என்று பேனாவில் குறித்திருந்தார். வெள்ளத்தில் எல்லாம் போனபோதும் இந்தப் பையை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தாராம். "இது இல்லைனா நான் இல்லம்மா" என்றார். அவர் பேச்சில் அழுகை எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. நான் வந்ததே ஏதோ பணம் கொண்டுவந்து தரத்தான் என்று நினைத்திருப்பார்.

நான் அன்று விடுதிக்குத் திரும்பி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

எங்கள் தோட்டம் விற்கப்பட்டது நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. பெயர் வேண்டாம். அப்பா அங்கேதான் பிறந்தார், தாத்தா அங்கே பால் மரம் வெட்டியவர், பாட்டி ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். விற்றபிறகு மரத்தைச் சாய்த்தார்கள், கொஞ்ச இடத்தில் செம்பனை, மிச்சம் வீடுகள். கதையை அப்பா எப்போதும் நல்ல கதையாகத்தான் சொல்வார். துரை நல்ல மனுசன், பணம் கொடுத்தார், நாமளும் டவுன் பக்கம் வந்தாச்சு, நீ படிச்சே. அன்று நான் கேட்டேன்.

"அப்பா, தோட்டத்துல குடுத்த பணம் எதுக்குன்னு சொன்னாங்க?"

"வேலைக்கு. வேலை செஞ்ச வருசத்துக்கு."

"வீட்டுக்கு?"

"வீடு நம்மளோடதா என்ன? தோட்டத்தோடது."

அவர் சொன்னது சட்டப்படி சரி. 1980 விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நிறுத்தினால் ஒரு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். அவ்வளவுதான். வீட்டுக்கு என்று எதுவும் இல்லை. வீடு கிடைத்த தோட்டங்கள் உண்டு, அதெல்லாம் ஆட்கள் நகராமல் உட்கார்ந்து, சங்கமோ கட்சியோ துணைக்கு நின்று, வழக்குப் போட்டு வாங்கியவை. எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாமி சிலையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். "கையெழுத்துப் போட்டீங்களே, நகல் இருக்கா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் கோபமாக, "மீன் இறங்கிக்கிட்டு இருக்கு, வை" என்றார்.

இதை நான் எவ்வளவு யோசித்தாலும் ஆறவில்லை. ஆற்றங்கரையில் இருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்றார்கள். அவர்களிடம் ஒரு பை நிறைய ஆதாரம். எந்த நேரமும் கிளப்பிவிடுவார்கள் என்று தெரிந்ததால் துண்டுச் சீட்டைக்கூட விடாமல் சேர்த்தார்கள். மூன்று தலைமுறையாக முறையாக வேலை பார்த்து, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் கை தூக்கி, ஆக்கிரமிப்பாளர் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லாத எங்களிடம் ஒரு காகிதம் இல்லை. தோட்டம்தான் எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தோம். வீடு, தண்ணீர், மருந்து, பள்ளி, கோயில், கள்ளு வரைக்கும் தோட்டமே கொடுத்தது. தோட்டம் போனபோது எங்கள் கணக்கும் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீஸ் மேசையோடு போய்விட்டது.

கள்ளு என்றதும் ஞாபகம் வருகிறது. சமுதாய அமைப்பாக்கம் என்று ஒரு பாடம். சால் அலின்ஸ்கி 1939-ல் சிகாகோ இறைச்சித் தொழிலாளர் பேட்டையில் எப்படி ஆட்களைத் திரட்டினார் என்று ஒரு வாரம் நடந்தது. நல்ல பாடம்தான். ஆனால் எனக்குள் ஒரு புழு நெளிந்துகொண்டே இருந்தது. நம் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி 1946-ல் தொண்டர் படை கட்டி, கள்ளுக்கடையை எதிர்த்து ஆட்களை நிறுத்தவில்லையா? 1947-ல் பீடோங்கில் போலீஸ் அடித்து நொறுக்கவில்லையா? செமினாருக்கு நான் அதை எடுத்தேன். சிகாகோ தெரிந்த வகுப்புக்குப் பீடோங் தெரியாது. எனக்கே பெரியவர்கள் வாயிலிருந்து அரைகுறையாகத் தெரிந்ததுதான், மிச்சத்தைச் சென்னை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பீடோங்கிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடத்தில் வளர்ந்தவள் பீடோங்கைப் பற்றிப் படிக்கக் கடல் தாண்டவேண்டியிருந்தது. அது அசிங்கம் என்றுதான் எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே இருந்திருக்கவேண்டும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. 2018 மே 9 இரவு சென்னையில் இருந்த மலேசியப் பிள்ளைகள், பெரும்பாலும் டாக்டருக்குப் படிக்கிறவர்கள், ஒரு வீட்டில் கூடித் தேர்தல் முடிவு பார்த்தோம். தொண்ணூற்றிரண்டு வயது மகாதீர் லங்காவியில் ஜெயித்து மறுபடி பிரதமராகிறார், கெடாவும் மாறுகிறது, எங்களில் பலருக்குத் தபால் ஓட்டு நேரத்துக்கு வந்து சேரவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 7-ல் கலைஞர் மறைந்தார், நகரம் பூட்டிக்கொண்டது, விடுதியில் இருந்ததை வைத்துக் கஞ்சி. 2019 தொடக்கத்திலிருந்தே தண்ணீர்ப் பஞ்சம், லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தோம். மாலை ஆனால் மழை கொட்டுகிற கெடாவில் வளர்ந்தவளுக்கு அது ஒரு பெரிய பாடம். சாப்பாடு ஒத்துக்கொள்ளும், காலையில் இட்லிக்குப் பழகிவிடுவீர்கள். ஆனால் ஒருநாள் சாயங்காலம் கோலா கெடா லக்சா ஞாபகம் வரும், அதற்கு மருந்து இல்லை. மீன் வாடை அடித்தால் அழுகை வருகிற ஒரே விடுதி மாணவி நானாகத்தான் இருந்திருப்பேன்.

திரும்பி வந்ததும் உடனே சிவப்புக் கம்பளம் இல்லை. பட்டம் அங்கீகாரம் உள்ளதா என்று எம்.க்யூ.ஏ.வில் பார்க்கவேண்டும், போவதற்கு முன்னாலேயே பாருங்கள், வந்து பார்க்காதீர்கள். அரசாங்க வேலைக்கு எழுதினேன், நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், கிடைக்கவில்லை. பழைய அமைப்பிலேயே சேர்ந்தேன். சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் கூட. நகை அர்-ராஹ்னுவிலிருந்து ஒவ்வொன்றாக வீடு திரும்ப நாளாயிற்று. ஆகவே "போட்ட காசு வந்துடுமா அக்கா" என்று கேட்கிறவர்களுக்கு நேரான பதில்: எனக்கு இன்னும் வரவில்லை. டாக்டர், எஞ்சினியர் படிப்பில் வரலாம், என் படிப்பில் நேரமெடுக்கும். எம்.எஸ்.டபிள்யூ. படிக்க அம்மா அப்பாவின் இ.பி.எஃப்.பைத் தொடுவது சரியா என்றால், நான் என் தங்கச்சிக்குச் செய்யவிடமாட்டேன். முதலில் உதவித்தொகை தேடுங்கள், பினாங்கில் யு.எஸ்.எம்.மிலேயே சமூகப்பணி இருக்கிறது, அதையும் பாருங்கள். எனக்குச் சென்னை தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். வேறு ஊர் ஆட்களிடம் போய், ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்து, "இந்தச் சீட்டு எதுக்கு, அதை யார் குடுத்தாங்க" என்று கேட்கப் பழகினேன். சொந்த ஊரில் யாரிடமும் அப்படிக் கேட்கமாட்டேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

இப்போது என் வேலையில் பாதி காகிதம்தான். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிற பாட்டிமார்கள். இப்படிப்பட்டவர்களைப் பதிவு செய்ய 2011-ல் மைடப்தார் இயக்கம் வந்தபோது விடுபட்டுப்போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம் விற்பனைக்கு வரப்போகிறது என்று பேச்சு அடிபடும் தோட்டங்களில் இன்னும் லயத்தில் இருக்கும் குடும்பங்கள். போய் உட்கார்ந்து, தண்ணீர் பில், பள்ளி ரிப்போர்ட் கார்டு, பழைய சம்பளச் சீட்டு, எது கிடைத்தாலும் ஒரு பையில் போட்டு வையுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

2024 டிசம்பர் 21-லிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் இண்டிகோ நேராகப் பறக்கிறது. முன்பு மாதிரி ரயிலில் கே.எல். போய் மாறவேண்டிய அவசியமில்லை. அதில் ஏறி அந்த விழுப்புரம் தோழி வந்தாள். அவளும் இப்போது அங்கே இதே வேலைதான். லங்காவி கூட்டிப்போகிறேன் என்றேன், தோட்டம் பார்க்கணும் என்றாள். குருண் பக்கம் ஒரு லயத்துக்குப் போனோம். வாசலில் ஒரு பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். தோழி பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் ஊர்ப்பேச்சு பேசிவிட்டு, பழக்கதோஷத்தில் நேரே கேட்டுவிட்டாள்.

"பாட்டி, இந்த வீட்டுக்கு ஏதாச்சும் பேப்பர் இருக்கா உங்ககிட்ட?"

"இருந்துச்சே. கிராணிகிட்ட இருந்துச்சு."

"கிராணி எங்க பாட்டி?"

"கிராணி ரிட்டையர் ஆகி மகன்கிட்ட ஆஸ்திரேலியா போயிட்டாரு. பேரப்புள்ளை அங்கதான் படிக்குதாம்."